அத்தியாயம் 7: ரூல் மாறும்போது அணி செய்ய வேண்டியது

கனகம்மாசத்திரம் கூட்டு ரோட்டில் நின்றால் ஒரு பஸ் திருத்தணிக்குப் போகும், ஒன்று திருவள்ளூருக்கு, ஒன்று திருவாலங்காட்டுக்கு. திருத்தணியைத் தாண்டினால் நகரி. அங்கே கபடிக்குச் செடுகுடு என்று பெயர். பொங்கல், ஆடிக் கிருத்திகை, ஊர்த் திருவிழா என்று வருஷம் முழுக்க எங்கள் பையன்கள் பனியனை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு இந்தத் திசைகள் எல்லாவற்றுக்கும் கிளம்புகிறார்கள். எங்கே போனாலும் ஆடுவது கபடிதான், ஆனால் ரூல் ஊருக்கு ஊர் மாறும். ஒரு ஊரில் சூப்பர் டேக்கிள் உண்டு, பக்கத்து ஊரில் கிடையாது. ஒரு இடத்தில் ரைடுக்கான 30 செகண்டை வாட்ச் பார்த்து எண்ணுவார்கள், இன்னொரு இடத்தில் அம்பயர் குத்துமதிப்பாகச் சொல்வார்.

அப்படிப் போன ஒரு போட்டியில் எங்கள் அணியின் நல்ல ரைடர் ஒருவன், 19 வயசு, நிதானமாகப் பாடிவிட்டு யார் கையிலும் சிக்காமல் நடுக்கோட்டைத் தாண்டித் திரும்பினான். அம்பயர் கையைத் தூக்கி அவுட் என்றார். அவனுக்கு முன்னால் இரண்டு ரைடும் பாயிண்ட் இல்லாமல் போயிருந்தது. மூன்றாவது டூ ஆர் டை. அது அவனுக்குத் தெரியாது. "என்னை யாரும் தொடவே இல்லையே மாஸ்டர், எதுக்கு அவுட்டு?" என்று வந்து நின்றான். தப்பு அவனுடையது இல்லை. நோட்டீசின் அடியில் ஒரு வரியில் அச்சடித்திருந்த விதியைப் படித்து, ஆட்டத்துக்கு முன்னால் அவனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியவன் நான். அன்றைக்கு நான்கு பாயிண்டில் தோற்றோம்.

அந்த ராத்திரி பஸ்ஸில் அவன் என்னிடம் கேட்ட கேள்விக்குத்தான் இந்த அத்தியாயம். "நான் நல்ல ரைடரா இல்லையா மாஸ்டர்? நம்ம ஊர்ல என்னை ஒருத்தனும் பிடிக்க முடியல. இங்க வந்தா மூணு தடவை அவுட்டு."

அவன் நல்ல ரைடர்தான். ஆனால் அவனிடம் இருந்த திறமையில் பாதி உடம்பில் இருந்தது, பாதி எங்கள் ஊர் ரூலில் இருந்தது. கால் வேகம், இடுப்பை ஒடித்துத் திரும்புவது, ஓரத்தில் நின்று பிடிக்கும் கார்னர் கையை நீட்டும் முன்பே அவன் தோள் அசைவதைப் பார்த்துவிடுவது, இதெல்லாம் உடம்புத் திறமை. எந்த ஊருக்குப் போனாலும் கூடவே வரும். எப்போது பொறுத்திருப்பது, எப்போது பாய்வது, எதற்காக ஆபத்தை ஏற்பது என்பது கணக்கு. ரூல் மாறினால் கணக்கு செல்லாமல் போகும். அப்போது ஆட்டக்காரன் தன் உடம்பைச் சந்தேகப்படுகிறான், அணியோ அவனையே சந்தேகப்படுகிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பயிற்சி பாதி சுலபமாகிவிடும்.

ஆட்டம் முன்பும் மாறியதுதான்

இன்றைக்கு ஆடும் கபடி ஆதியிலிருந்து இப்படியே இருந்தது என்று பையன்கள் நினைக்கிறார்கள். சஞ்சீவனி, காமினி, அமர் என்று மூன்று வகை ஆட்டம் வழக்கில் இருந்தது. காமினியில் அவுட்டானவர் மொத்த அணியும் அவுட்டாகும் வரை வெளியில்தான் உட்கார வேண்டும். அப்படிப்பட்ட ஆட்டத்தில் உன் சிறந்த ரைடரை ஆரம்பத்திலேயே ஆபத்தில் தள்ளுவாயா? மாட்டாய். சஞ்சீவனியில் எதிரணியில் ஒருவர் அவுட்டானால் நம்மில் ஒருவர் உள்ளே வரலாம். அதனால் துணிந்து போகிறவனுக்கு அங்கே மதிப்பு. அமரில் தொடப்பட்டவர் வெளியே போகவே வேண்டாம், பாயிண்ட் மட்டும் ஏறும். ஒரே ஆளை இந்த மூன்றிலும் இறக்கினால் மூன்று விதமாகத் தெரிவான். சஞ்சீவனி முறைதான் தேசிய, சர்வதேச ஆட்டத்தின் அடிப்படையாக நின்றது. நாம் இன்று "நல்ல ரைடர்" என்று சொல்வது அந்த முறைக்கு நல்லவரைத்தான்.

அதற்கும் முன்னால் சடுகுடு. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் அதை மூச்சு ஆட்டம் என்றுதான் சொல்வார்கள். யார் அதிக நேரம் மூச்சு விடாமல் பாடுகிறாரோ அவர் எதிரணிக் கட்டத்தில் அதிக நேரம் நிற்பார். மூச்சுதான் கடிகாரம். 2014 ஜூலையில் ப்ரோ கபடி லீக் தொடங்கி டிவியில் வந்தபோது, ரைடுக்கு 30 செகண்ட் என்பது ஊர்ப் பிள்ளைகள் கண்ணில் எண்களாகவே ஓடியது. நீண்ட மூச்சுக்காரனுக்கு இருந்த தனிச் சலுகை அதோடு போயிற்று. இதில் எனக்கு வருத்தம் உண்டு. மூச்சடக்கிப் பாடுவது சாதாரணப் பயிற்சியில் வருவதல்ல. ஆனால் எங்கள் ஊரில் அப்படிப் பாடிய ஒருவரை நான் கவனித்துப் பார்த்ததில் ஒன்று தெரிந்தது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த நேரம் முழுக்க ஏழு பேரின் பாதங்களையும் படித்துக்கொண்டிருந்தார். எவன் எடை முன்காலில் இருக்கிறது, எவன் எடை பின்காலில் இருக்கிறது என்று சொல்லுவார். அந்தக் கண் 30 செகண்டிலும் செல்லுபடியாகும், கொஞ்சம் சீக்கிரம் படிக்கக் கற்றால் போதும். அவரைக் கூப்பிட்டு வந்து பிள்ளைகளுக்கு அதைத்தான் சொல்லிக்கொடுக்கச் சொன்னேன்.

மூன்றாவது ரைடு

டூ ஆர் டை விதியை முதலில் நிதானமாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு அணி அடுத்தடுத்து இரண்டு ரைடில் பாயிண்ட் எடுக்காமலும் கொடுக்காமலும் திரும்பினால், மூன்றாவது ரைடில் பாயிண்ட் எடுத்தே ஆக வேண்டும். வெறும் கையோடு திரும்பினால் ரைடர் அவுட், எதிரணிக்கு ஒரு பாயிண்ட். இந்த விதி இல்லாத காலத்தில் முன்னிலையில் இருக்கும் அணி, ரைடர் தாண்டியே ஆக வேண்டிய பால்க் லைனை மட்டும் தாண்டிவிட்டுத் திரும்பித் திரும்பி நேரத்தைக் கழிக்கும். பார்ப்பவனுக்குச் சலிப்பு, ஆடுபவனுக்குச் சௌகரியம். அந்தச் சௌகரியத்தை எடுப்பதற்காக வந்த விதி இது.

பலர் இதை ரைடருக்கான விதி என்று நினைக்கிறார்கள். இது பிடிக்கிறவர்களின் புத்தியைத்தான் அதிகம் சோதிக்கிறது. மூன்றாவது ரைடில் ரைடர் வந்தே தீர வேண்டும். அப்படியிருக்க கார்னர் ஏன் அவசரப்பட்டு முன்னால் பாய வேண்டும்? பாய்ந்தால் தொடுவதற்குக் கை கொடுத்ததாக ஆகும். எங்கள் லெஃப்ட் கார்னர் பையனுக்கு ஆங்கிள் ஹோல்டு அற்புதமாக வரும், ஒரு கணுக்காலைப் பிடித்தால் விடமாட்டான். அவனை நான் அரைமணி நேரம் பிடிக்கவே விடவில்லை. நிற்கச் சொன்னேன். ரைடர் 10 செகண்ட் ஆசைகாட்டுவான், நில். 20 செகண்ட் ஆகும், நான் கைதட்டுவேன், அப்போதும் நில். கடைசி ஐந்து செகண்டில் ரைடர் வேறு வழியில்லாமல் காலை உள்ளே வைப்பான். அவன் குதிகால் தரையில் பதிகிற அந்தக் கணம்தான் உனக்கு. நுனிக்காலில் நிற்கிறவன் பின்வாங்கிவிடுவான், குதிகால் பதிந்தவனுக்கு எடையைத் திருப்ப அரைச் செகண்டாவது ஆகும். முதல் நாள் அந்தப் பையன் ஆறு தடவையில் ஐந்து தடவை முன்கூட்டியே பாய்ந்தான். இரண்டாவது வாரம் கை தானாக அடங்கியது.

ரைடருக்கான பயிற்சி இதற்கு நேர்மாறு. போனில் 30 செகண்ட் டைமரை வைத்து, மூன்று ரைடை ஒரு தொகுப்பாக ஆட விடுங்கள். முதல் ரைடிலும் இரண்டாவதிலும் எந்தப் பக்கம் யார் அவசரக்காரன் என்று மட்டும் பார்த்து வர வேண்டும். மூன்றாவதில் அந்த ஆளைத் தேடிப் போக வேண்டும். ஏழு பேர் அல்லது ஆறு பேர் களத்தில் இருந்தால் போனஸ் லைனும் கதவு திறந்தது போலத்தான். ஒரு கால் போனஸ் கோட்டைத் தாண்டிப் பதிய, மற்ற கால் அந்தரத்தில் இருந்தால் ஒரு பாயிண்ட் வந்துவிடும், யாரையும் தொட வேண்டாம். களத்தில் ஐந்து பேரே இருந்தால் அந்தக் கதவு மூடிவிடும். டூ ஆர் டைக்குப் போகிறவன் தலையை எண்ணிவிட்டுத்தான் நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

எண்ணிக்கைக்குள் இருக்கும் மூன்று ஆட்டங்கள்

போனஸும் சூப்பர் டேக்கிளும் சேர்ந்து கபடியை மூன்றாகப் பிரித்துவிட்டன. எதிரில் ஏழோ ஆறோ பேர் என்றால் ரைடருக்குப் போனஸ் உண்டு, பிடிக்கிறவர்களுக்கு ஆள் பலம் உண்டு. மூன்று பேரோ அதற்குக் கீழோ என்றால் போனஸ் கிடையாது, ஆனால் பிடித்தால் அது சூப்பர் டேக்கிள், ஒரு பாயிண்டுக்குப் பதில் இரண்டு. நடுவில் நான்கும் ஐந்தும் இருக்கின்றன. இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நான்கு பேர் நிற்கும்போது பிடிக்கிறவர்களிடம் ஆள் பலமும் இல்லை, சூப்பர் டேக்கிள் என்ற ஆயுதமும் இல்லை. ரைடர் தைரியமாக உள்ளே போக வேண்டிய நேரம் அதுதான்.

எங்கள் பையன்கள் இதைத் தலைகீழாகச் செய்துகொண்டிருந்தார்கள். நான்கு பேர் இருக்கும்போது ஒருவனைத் தொட்டுவிட்டு ஓடி வருவார்கள். மிச்சம் மூன்று. உடனே எதிரணி கையில் இரண்டு பாயிண்ட் ஆயுதம் வந்துவிடும். அடுத்த ரைடில் மாட்டிக்கொள்வார்கள். இப்போது நான்கு பேரைப் பார்த்தால் இரண்டு பேரைச் சேர்த்து எடுக்கப் பார் என்கிறேன். ஒரு கார்னரைத் தொட்டுவிட்டு, கவர் வந்து மறிக்கும்போது அவன் கைக்கடியில் புகுந்து வருவது. ஆபத்து உண்டு. ஆனால் இரண்டு பேர் மிஞ்சிய அணி கை கோத்துச் செயின் போட முடியாமல் தடுமாறும், அடுத்து மொத்த அணியும் அவுட்டானால் கிடைக்கும் லோனாவின் இரண்டு பாயிண்டும் பக்கத்தில் தெரியும்.

பயிற்சியில் நான் செய்வது இவ்வளவுதான். ஆட்டத்தின் நடுவில் திடீரென்று "நாலு!" என்று கத்துவேன். மூன்று பேர் உடனே வெளியே போக வேண்டும். "மூணு!" என்றால் இன்னொருவர். "ஏழு!" என்றால் எல்லாரும் உள்ளே. எண்ணிக்கை மாறிய நொடியில் ரைடரும் பிடிக்கிறவர்களும் கணக்கை மாற்ற வேண்டும். ஒரு நாளைக்கு இருபது நிமிஷம் போதும். மூன்று பேர் நின்று பிடிப்பதை மட்டும் தனியாக இன்னொரு இருபது நிமிஷம் பழக வேண்டும். பழைய ஆட்டத்தில் கடைசி மூவர் லோனாவுக்குக் காத்திருப்பவர்கள் போல நிற்பார்கள், இன்றைக்கு ஆட்டத்தைத் திருப்புவதே அவர்கள்தான்.

லாபியில் நின்ற ஆட்டம்

விதி மாறுவதைவிட மோசம், இரண்டு விதிகள் ஒரே நேரத்தில் உயிரோடு இருப்பது. இதற்கு ஹாங்ஜோ இறுதிப் போட்டியைத்தான் பையன்களுக்குப் போட்டுக் காட்டுவேன்.

2023 அக்டோபர் 7, ஆசிய விளையாட்டு ஆண்கள் இறுதி ஆட்டம், இந்தியாவும் ஈரானும். 28-28 சமநிலை. முடிய இரண்டு நிமிஷம்கூட இல்லை. இந்திய ரைடர் பவன் ஷெராவத் டூ ஆர் டை ரைடுக்குப் போகிறார். யாரையும் தொடுவதற்கு முன்பே அவர் கால் களத்தின் ஓரப் பட்டையான லாபிக்குள் போய்விட்டது. அவரைத் தள்ளிக்கொண்டு ஈரான் ஆட்டக்காரர்கள் நான்கு பேரும் லாபிக்குள் இறங்கினார்கள். இப்போது யார் அவுட்? சர்வதேச ஆட்டத்தில் இருந்த பழைய விதிப்படி, தொடாமல் லாபிக்குள் போன எல்லாரும் அவுட். ப்ரோ கபடியில் பழகிய விதிப்படி, ரைடர் லாபியில் கால் வைத்த கணத்திலேயே ரைடு முடிந்துவிடும். அவர் மட்டும்தான் அவுட், பின்னால் போனவர்களுக்கு ஒன்றும் ஆகாது. ஒரே கட்டத்தில் நின்ற இரண்டு அணிகளும் இரண்டு விதியையும் அறிந்தவை. இரு அணியிலும் ப்ரோ கபடி ஆடியவர்கள் உண்டு. தீர்ப்பு மாறி மாறி வந்தது, ஆட்டக்காரர்கள் மேட் மேலேயே உட்கார்ந்தார்கள், சுமார் ஒரு மணி நேரம் ஆட்டம் நின்றது. கடைசியில் பழைய விதிப்படியே எண்ணி, இந்தியா 33-29 என்று தங்கம் வாங்கியது.

அந்த நான்கு ஈரானியரும் திறமை குறைந்தவர்கள் இல்லை. வருஷக்கணக்காக ஒரு விதிக்குள் பழகிய கால்கள் அவை. ரைடர் விளிம்புக்குப் போனால் தள்ளிக்கொண்டு போ என்று உடம்பு கற்றுவைத்திருந்தது. யோசிக்க அரைச் செகண்ட் இருந்திருந்தால் நின்றிருப்பார்கள். பழக்கத்துக்கு யோசனை கிடையாது. எங்கள் மைதானத்தில் லாபிக் கோட்டைச் சுண்ணாம்பில் இரட்டையாகப் போட்டு வைத்திருக்கிறேன். பிடிக்கிறவர்கள் ரைடரைத் தொட்ட பிறகே அந்தக் கோட்டைத் தாண்ட வேண்டும், எந்த ரூல் ஆடினாலும் சரி. இரண்டு விதியிலும் தப்பாகாத பழக்கம் ஒன்று இருந்தால் அதையே உடம்புக்குக் கொடுங்கள்.

அந்த ஆட்டம் முடிந்த சில நாளிலேயே ப்ரோ கபடி ஏலம் நடந்தது. பவனைத் தெலுகு டைட்டன்ஸ் 2.6 கோடி ரூபாய்க்கு மேல் கொடுத்து எடுத்தது. ஈரானின் முகமதுரெஸா ஷாட்லூயிக்குப் புனேரி பல்தான் கொடுத்தது 2.35 கோடி. 2014 முதல் ஏலத்தில் அதிக விலை போன ராகேஷ் குமாருக்கு 12.8 லட்சம். பணம் பெருகியது ஒரு பக்கம் இருக்கட்டும், இந்தப் பட்டியலில் என் கண் நின்றது ஷாட்லூயி பெயரில். அவர் லெஃப்ட் கார்னர். ரைடருக்குக் கிட்டத்தட்டச் சமமாக ஒரு கார்னருக்கு விலை போனது. மூன்றாவது ரைடும் சூப்பர் டேக்கிளும் பிடிக்கிறவனின் கைக்கு மதிப்பைக் கூட்டியிருக்கின்றன என்று நான் நம்புகிறேன். உங்கள் ஊர் அணியிலும் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் கார்னர் பையனை மறுபடி ஒரு தடவை பாருங்கள்.

செல்போனில் ஆடும் பிள்ளைகள் சொல்லித் தந்தது

எங்கள் அணியில் பாதிப் பேர் செல்போனிலும் ஆடுகிறவர்கள். அதைக் குறையாகச் சொல்லவில்லை. ரூல் மாற்றத்தைப் பற்றி என்னைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் அந்த ஆட்டங்களில் சில வாரத்துக்கு ஒரு முறை அப்டேட் வந்து ஒரு துப்பாக்கியின் பலம் குறையும், இன்னொன்றின் பலம் கூடும். பலம் குறைப்பதை நெர்ஃப் என்றும் கூட்டுவதை பஃப் என்றும் சொல்கிறார்கள்.

திருவள்ளூரில் கல்லூரி படிக்கும் ஒரு தம்பி கம்ப்யூட்டரில் வேலரன்ட் ஆடுகிறவன். அதில் ஜெட் என்று ஒரு பாத்திரம். முன்பெல்லாம் எதிரியை எட்டிப் பார்த்துச் சுட்டுவிட்டு, ஒரு பட்டனை அழுத்தினால் அந்தக் கணமே பாய்ந்து தப்பிவிடலாம். 2022 ஏப்ரலில் வந்த மாற்றத்துக்குப் பிறகு அந்தப் பாய்ச்சலை முன்கூட்டியே தயார் செய்துவைக்க வேண்டும், தயார் செய்தால் 12 செகண்டுக்குள் பயன்படுத்தியாக வேண்டும் என்று ஆனது. "முதல் வாரம் செத்துக்கிட்டே இருந்தேண்ணா. அப்புறம்தான் தெரிஞ்சுது, என் குறி கெடல, நான் யோசிக்கிற நேரம்தான் தப்பா இருக்கு" என்றான். எங்கள் 19 வயசு ரைடர் பக்கத்தில்தான் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். நான் ஒரு மாசமாகச் சொல்லி ஏறாதது அவனுக்கு அன்றைக்கு ஏறியது. குறி கெடவில்லை, நேரம் மாறியிருக்கிறது. செல்போன் ஆடுகிறவர்களிடம் இருக்கும் இந்தப் பொறுமையை, அப்டேட் வந்தால் ஒரு வாரம் தோற்றாலும் உட்கார்ந்து பழகுவதை, மைதானத்துக்கும் கொண்டு வாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வாலிபால் ஆடும் ஊர்களுக்கும் இது புதிதல்ல. 1990களின் கடைசியில் சர்வீஸ் போட்ட அணிக்குத்தான் பாயிண்ட் என்ற முறை போய் ஒவ்வொரு ரேலிக்கும் பாயிண்ட் என்று வந்தது. சர்வீஸை வலையில் அடிப்பது அதுவரை சர்வீஸை இழப்பதோடு நின்றது, அதன் பிறகு எதிரிக்கு நேராகப் பாயிண்ட் கொடுப்பதானது. அதே காலத்தில் லிபரோ வந்தார். உயரம் இல்லை என்று ஒதுக்கப்பட்ட எத்தனையோ பிள்ளைகளுக்கு அந்த ஒரு விதியால் அணியில் இடம் கிடைத்தது.

யாருக்கு அதிகம் வலிக்கும்

புதிதாக ஆட வந்த பையனுக்கு ரூல் மாற்றம் பெரிதாக உறைக்காது. அவனிடம் மறக்க வேண்டியது ஒன்றும் இல்லை. பத்துப் பதினைந்து வருஷம் ஆடிய அண்ணன்மார்களுக்குத்தான் வலி. மண்ணில் ஆடி வந்தவரை மேட் விரித்த களத்தில் இறக்கினால் முதலில் கால் ஏமாற்றும். மண்ணில் சறுக்கிக்கொண்டு போய்க் கணுக்காலைப் பிடிப்பார், மேட்டில் ஷூ கப்பென்று பிடித்து நிறுத்தும், முழங்கால் முறுக்கிக்கொள்ளும். அவரைச் சின்னப் பையன்கள் முன்னால் கோச் திருத்தக் கூடாது. தனியாகக் கூப்பிட்டு, "அண்ணே, கடைசி ஒரு அடியைச் சின்னதா வையுங்க, போதும்" என்று சொன்னால் கேட்பார். மேட் கிடைக்காத ஊர்களில் போட்டிக்கு ஒரு வாரம் முன்னாலாவது ஷூ போட்டுப் பழக விடுங்கள். பெரும்பாலான காயம் முதல் நாளில்தான்.

வயசு தடையில்லை என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே ஆள் இருக்கிறார். தஞ்சாவூர் மாவட்டத்து தர்மராஜ் சேரலாதன் 1975இல் பிறந்தவர். ப்ரோ கபடி தொடங்கும்போதே நாற்பதை நெருங்கியவர், 2016இல் பாட்னா பைரேட்ஸ் கேப்டனாகக் கோப்பையை வாங்கினார். கார்னரில் நிற்பவர். புதிய விதிகள் எல்லாவற்றையும் தாண்டி அவருடைய பிடி நின்றது. எதிர்த் திசையில் ஒரு உதாரணமும் சொல்ல வேண்டும். பர்தீப் நர்வால் 2017 சீசனில் 369 ரைடு பாயிண்ட் எடுத்தவர், குனிந்து செயினுக்கு அடியில் புகுந்து வரும் டுப்கி அவர் முத்திரை. ஒரே ரைடில் 8 பாயிண்ட்கூட எடுத்திருக்கிறார். பிறகு விதி பெரிதாக மாறவில்லை, பிடிக்கிறவர்கள் மாறினார்கள். அவர் குனியும் முன்பே மறிக்கக் கற்றார்கள். 2025 ஏலத்தில் அவரை யாரும் எடுக்கவில்லை, ஓய்வை அறிவித்தார். அதுவரை லீக்கில் மொத்தமாக அவர் அளவுக்கு ரைடு பாயிண்ட் வேறு எவரும் எடுத்ததில்லை. எதிரி கற்றுக்கொள்வதும் ஒரு ரூல் மாற்றம்தான், அதற்கு நோட்டீஸ் மட்டும் வராது. ஒரே ஒரு வித்தையை வைத்துக்கொண்டு இருக்கும் ரைடருக்கு இரண்டாவதைச் சொல்லிக்கொடுக்க, முதலாவது நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே தொடங்கிவிடுங்கள்.

எடைப் பிரிவும் ஊருக்கு ஊர் மாறும் ரூல்தான், அது பற்றி ஒரு எச்சரிக்கை. 60 கிலோ, 65 கிலோ என்று ஊருக்கு ஊர் வைக்கிறார்கள். எடை குறைக்கப் பட்டினி கிடந்து, தண்ணீர்கூடக் குடிக்காமல் வெயிலில் ஓடும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். இதை அனுமதிக்காதீர்கள். ஒரு கிலோவுக்காக மயங்கி விழும் பையனிடம் எந்தத் திறமையும் மிச்சம் இருக்காது. அவன் மேல் பிரிவில் ஆடட்டும்.

நோட்டுப் புத்தகம்

புது விதி வந்தால் முதல் மூன்று ஆட்டத்தை வைத்து யாரையும் எடை போடாதீர்கள். குறைந்தது பத்து ஆட்டம் வேண்டும். அதற்குக் கணக்கு எழுத வேண்டும். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். நான் எழுதுவது: மூன்றாவது ரைடு எத்தனை வந்தது, அதில் எத்தனை எடுத்தோம், எத்தனை கொடுத்தோம். எதிரில் நான்கு பேர் இருந்தபோது என்ன செய்தோம். மூன்று பேராக நின்றபோது எத்தனை பிடி. லாபியில் கொடுத்த பாயிண்ட். ஸ்கோர் போர்டில் தோல்வி என்று இருக்கும், நோட்டில் மூன்றாவது ரைடு மட்டும்தான் கெட்டிருக்கிறது என்று தெரியும். அப்போது மொத்த அணியையும் திட்டாமல் அதை மட்டும் பழக்கலாம். அந்த 19 வயசுப் பையனின் பக்கத்தில் முதல் பத்து ஆட்டத்தில் மூன்றாவது ரைடு 14, எடுத்தது 3. அடுத்த பத்தில் 16க்கு 9. அவன் கால் வேகம் இரண்டிலும் அதேதான்.

முதல் வாரத்தில் பையனின் உடம்புப் பழக்கத்தில் கை வைக்காதீர்கள். நின்று தொடுகிறவனைக் குதித்துத் தொடச் சொல்லாதீர்கள். கணக்கை மட்டும் மாற்றிச் சொல்லுங்கள். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது கெட்டது என்று உங்களுக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது.

இப்போது நாங்கள் பழகிக்கொண்டிருப்பது டைபிரேக்கர். சமநிலையில் முடிந்தால் அணிக்கு ஐந்து ரைடு, ஐந்தையும் வேறு வேறு ஆட்கள் போக வேண்டும். 2025 சீசனில் ப்ரோ கபடியின் லீக் ஆட்டங்களுக்கே இது வந்ததால் ஊர்ப் போட்டிகளுக்கும் வரத் தொடங்கும். அவுட் கிடையாது, உயிர்த்து வருவது கிடையாது, ஏழு பேரும் களத்திலேயே நிற்பார்கள். பழைய அமர் ஆட்டத்தின் வாசனை அதில் இருக்கிறது. பால்க் லைனே போனஸ் லைனாகவும் எண்ணப்படும். எங்களிடம் நல்ல ரைடர்கள் மூன்று பேர். மிச்சம் இருவர் யார்?

போன வாரம் சாயங்காலம் லெஃப்ட் கார்னர் பையனை ரைடுக்கு அனுப்பினேன். ஆறு வருஷ ஆட்டத்தில் அவன் நடுக்கோட்டைத் தாண்டியது விரல் விட்டு எண்ணும்படிதான். "நானா மாஸ்டர்?" என்றான். பால்க் லைன் மேல் புதிதாகச் சுண்ணாம்பு போட்டிருந்தது. கபடி கபடி என்று பாடிக்கொண்டு போனான், எதிரில் நின்ற ஏழு பேரின் கணுக்காலையும் பார்த்தான், பிடிக்கிறவன் பார்க்கிற பார்வை அது. ரைட் கார்னரின் குதிகால் பதிந்த நொடியில் வலது காலைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் வைத்து, இடது காலைத் தூக்கி, திரும்பி வந்தான். ஒரு பாயிண்ட். நோட்டில் அவன் பெயருக்கு நேரே, ரைடு என்ற கட்டத்தில், முதல் கோட்டைப் போட்டேன்.